கொழுந்துத் தராசில் ஏற்றிய பிள்ளைக்கு

அன்பு மகனுக்கு,

நேற்றுப் பின்னேரம் நீ கட்டிக்கொள்ளப் போகிற பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். உனக்குத் தெரியாமல்தான் எடுத்தாள், அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நான் அப்போதுதான் குளித்துவிட்டு வாசலில் தலை துவட்டிக்கொண்டு நின்றேன். "மாமா, ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். மண்டபம், வேன், புடவை என்று ஏதாவது சில்லறை விஷயமாக இருக்கும் என நினைத்து, "தாராளமா கேளு பிள்ளை" என்றேன், பெரிய மனிதத் தோரணையோடு. பிறகு கேட்டாள். "அவரு ஏன் மாமா என் முன்னால சாப்பிட மாட்டேங்கிறாரு? ஒரு வருசமா பழகுறோம். ஒரு வாய் சோறு சாப்பிட்டு நான் பாத்ததில்ல. என் கையால குடுத்தா அவருக்கு அருவருப்பா இருக்கா?" நான் யோசிக்கவே இல்லை. "சேச்சே, அவனுக்குச் சின்னதுலேருந்தே கேஸ்ட்ரைட்டிஸ்மா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன். "சரிங்க மாமா" என்று வைத்துவிட்டாள். அவள் நம்பவில்லை என்பது அந்தச் 'சரி'யிலேயே தெரிந்தது.

முப்பத்தைந்து வருடம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை பார்த்தவன் நான். துரையிடம் ஒரு பொய், தொழிலாளர்களிடம் ஒரு பொய், இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க மூன்றாவதாக ஒரு பொய் என்றுதான் என் பிழைப்பு ஓடியது. ஒன்றுகூட என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. இந்தப் பொய் அப்படிப் போகவில்லை. ஏனென்றால் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். பதினான்கு வருடமாக நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வருகிற ஆவணியில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் பேசாவிட்டால் இனி எப்போதும் பேச மாட்டோம். நேரில் பேச எனக்கு வாய் வராது, வந்தாலும் வழக்கம்போல் ஏதாவது கேலி செய்து மழுப்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இதை நாலு பேர் படிக்கிற மாதிரியும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். நாம் வருடா வருடம் வாங்குகிற கோயில் திருவிழா மலரில் போட மலர் போடுகிறவர்கள் தயார். உன் பெயரோ, தோட்டத்துப் பெயரோ, அந்தப் பிள்ளையின் பெயரோ எங்கும் வராது. முதலில் உனக்குத்தான் வருகிறது. வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் கிழித்து அடுப்பில் போட்டுவிடுகிறேன். நாற்பது பேர் முன்னால் செய்ததை உன் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

பரிசம் போட்ட அன்று தலவாக்கலையில் பெண் வீட்டில் இலை போட்டார்கள். நீ என்ன செய்தாய்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கிவிட்டாய். மாப்பிள்ளை உட்காருங்க, மாப்பிள்ளை உட்காருங்க என்று அவர்கள் கெஞ்ச, "நான் பரிமாறுறேன், நீங்கல்லாம் சாப்பிடுங்க" என்று வரிசை வரிசையாக ஓடினாய். உன் மாமியார் என் பக்கம் குனிந்து, "எவ்வளவு அடக்கமான பிள்ளை பாருங்க, பெரிய எடத்துப் பிள்ளைகூட இப்படி இருக்காது" என்று பூரித்துப்போனார். நான் தலையை ஆட்டிவிட்டு வடையை மென்றேன். பள்ளிக்கூட ஒளிவிழா, திருவிழா அன்னதானம், உன் கூட்டாளி கல்யாணம், எங்கே போனாலும் நீ வாளியோடுதான் நிற்பாய். பரிமாறுகிறவனைச் சாப்பிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை என்பதை நீ பதின்மூன்று வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாய். உன்னைச் சுறுசுறுப்பான பிள்ளை என்று ஊரே புகழும்போது, நான் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்தப் பிள்ளை நேற்று அந்தக் கேள்வியோடு சேர்த்து இன்னொன்றும் சொன்னாள். பரிசத்தன்று பந்தி முடிந்த பிறகு உனக்கென்று ஒரு தட்டில் போட்டுக்கொண்டு உன்னைத் தேடி வந்திருக்கிறாள். நாம் வந்த வேன் பின்னால், மண்மேட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, பையிலிருந்து எதையோ எடுத்து வேக வேகமாக வாயில் அடைத்துக்கொண்டு நின்றாயாம். "பசிச்ச மாதிரி இல்ல மாமா, யாரோ தொரத்துற மாதிரி சாப்பிட்டாரு" என்றாள். தட்டோடு சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டாளாம். உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட பிள்ளை உனக்குக் கிடைத்திருக்கிறாள், அது ஒன்றுதான் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிகிற நல்லது.

இனி நான் ஆரம்பத்திலிருந்து சொல்லவேண்டும். நீ பிறந்தபோது இரண்டு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. உன் அம்மா எட்டாம் மாதம்வரை மலை ஏறிக் கொழுந்து எடுத்தவள், இரத்தம் குறைவு என்று சொல்லியிருந்தார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில் மாதா மாதம் நிறை பார்ப்பார்கள். தோட்டத்து மருத்துவச்சி அம்மா உத்தரத்தில் சின்னத் தராசு ஒன்றைக் கட்டி, துணித்தூளியில் உன்னைப் போட்டுத் தொங்கவிட்டு, அட்டையில் ஒரு புள்ளி வைப்பார். அட்டையில் பச்சைக் கோடு, அதற்குக் கீழே ஒரு சிவப்பு. உன் புள்ளி சிவப்பிலேயே கிடந்தது. "ஊர்க் கொழுந்தெல்லாம் நிறுக்கிறீங்க, ஒங்க புள்ள நிறை காணலயே கணக்கப்பிள்ளை" என்று அங்கே நின்ற யாரோ ஒரு பொம்பளை சிரித்தாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. பிள்ளை மெலிந்து கிடக்கிறதே என்பதைவிட, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்களே என்பதுதான் தைத்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அன்றையிலிருந்து உன்னைத் தேற்றுவது எனக்கு ஒரு வெறியாகிவிட்டது. ஹட்டனுக்குப் போகிற நாளெல்லாம் கை நிறையக் கொண்டுவருவேன். பேக்கரிப் பாண், கிரீம் பிஸ்கட், டின் பால். பாணைப் பிய்த்து டின் பாலில் தோய்த்து நானே ஊட்டுவேன். தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி. நீ முகத்தைத் திருப்புவாய், போதும் என்று கையால் தட்டுவாய். நான் விட்டேனா? உன் கன்னத்தை இரண்டு விரலால் பிடித்துத் திறந்து, "இன்னும் ஒரே ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய்" என்று உள்ளே தள்ளுவேன். அழுதால் பிஸ்கட். விழுந்தால் பிஸ்கட். நல்ல பிள்ளையாக இருந்தால் இரண்டு பிஸ்கட். உன் வயிறு போதும் என்று உனக்குச் சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சத்தத்தை, தினமும் மூன்று வேளை நான் அமுக்கி அமுக்கி ஊமையாக்கினேன். நம் மக்கள் பசி பார்த்த மக்கள். பிள்ளை வாயில் எதையாவது போட்டுக்கொண்டே இருப்பதுதான் பாசம் என்று எங்கள் கைக்குப் பழகிவிட்டது. தப்பு என்று எப்படித் தெரியும்? உன் புள்ளி சிவப்பைத் தாண்டிப் பச்சைக்கு வந்த மாதம் நான் மடுவத்தில் எல்லோருக்கும் டொபி கொடுத்தேன்.

நீ பச்சையோடு நிற்கவில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும்போது உன் காற்சட்டை இடுப்பில் மாட்டவில்லை, அம்மா பின்பக்கம் முக்கோணத் துணி ஒன்று வைத்துத் தைத்தாள். அப்போதும் எனக்குப் பெருமைதான். கொழுகொழு என்று இருக்கிற பிள்ளை லயத்து வீடுகளிலேயே நீ ஒருவன்தான். எட்டாம் ஆண்டில் பள்ளிக்கூடத்துக்குச் சுகாதாரப் பகுதியிலிருந்து வந்து நிறை பார்த்துவிட்டு, அதிக நிறை என்று ஒரு துண்டு கொடுத்துவிட்டார்கள். மறுபடியும் அட்டை. மறுபடியும் என் பிள்ளை கோட்டுக்கு வெளியே. இந்தத் தடவை மேல் பக்கம். பதின்மூன்று வருடம் தின்னு தின்னு என்று கெஞ்சியவன், ஒரே நாளில் தின்னாதே என்று கத்தத் தொடங்கினேன். பிஸ்கட் டின்னை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சீனிப் போத்தலை அம்மா அரிசி மூட்டைக்குள் ஒளித்து வைத்தாள். சோறு போடும்போது உன் தட்டைப் பார்த்து, "இன்னுமா?" என்பேன். அந்த ஒரு வார்த்தைக்கு உன் கை அப்படியே நின்றுவிடும்.

பூட்டினால் ஆசை போய்விடுமா? உனக்கு ஏறியது. ஒரு நாள் உன் விஞ்ஞானப் புத்தகத்தைத் தற்செயலாகத் திறந்தேன். நடுப்பக்கங்களில் எண்ணெய் படிந்த தாள்கள் தட்டையாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. கடையில் பொரித்த ரோல் சுற்றித் தருகிற தாள்கள், ஏழோ எட்டோ இருக்கும். வெளியே போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று புத்தகத்துக்குள் ஒளித்திருக்கிறாய். இப்போது நினைத்தால் ஒரு பிள்ளை எவ்வளவு பயந்து போயிருந்தால் அப்படிச் செய்யும் என்று தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இவன் என்னை ஏமாற்றுகிறான் என்பதுதான். நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கத்தியாவது இருக்கலாம். மனதில் வைத்துக்கொண்டு சமயம் பார்த்தேன்.

டிசம்பர் லீவு. பகல் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாய். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நாற்பது பேர் வரிசையில். மழை தூறிக்கொண்டிருந்தது, எல்லோரும் நனைந்து, பசித்து, லொறி வரவில்லை என்று எரிச்சலோடு நின்றார்கள். நான் எப்போதும் அப்படிப்பட்ட நேரத்தில் ஏதாவது பகிடி விட்டுச் சிரிக்க வைப்பேன். அதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. உன்னைக் கண்டதும் நாக்கு அரித்தது. "வாங்க ஐயா, ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றேன். வெறும் கொழுந்துச் சாக்கு ஒன்றை எடுத்து, "இதுக்குள்ள ஏறு, நிறை பாப்போம்" என்றேன். நீ சிரித்தாய், விளையாட்டு என்று நினைத்தாய். ஏறினாய். இரண்டு ஆட்கள் தூக்கிக் கொக்கியில் மாட்டினார்கள். உன் கை இரண்டும் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது, சட்டை மேலேறி வயிறு தெரிந்தது. அப்போதுதான் அது விளையாட்டு இல்லை என்று உனக்குப் புரிந்தது. நீ நடுங்கினாய். நடுக்கத்தில் தராசு முள் ஆடிக்கொண்டே இருந்தது.

வரிசையில் நின்ற உன் அம்மா, "போதுங்க, எறக்குங்க அவன" என்றாள். நான், "இரு, முள்ளு நிக்கட்டும்" என்றேன்.

முள் நின்றது. காலைப் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற அதே குரலில் கத்தினேன். "அம்பத்தாறு! சாக்குக்கும் ஈரத்துக்கும் ரெண்டு கழிச்சா அம்பத்து நாலு! ஆளுக்குப் பதினெட்டுன்னா மூணு முழுப் பேரு! ஆத்தாளும் அப்பனும் நாளைக்கு வேலைக்கே வரத் தேவையில்ல, இவன் ஒருத்தன் போதும்!" மடுவமே அதிர்ந்தது. நாளுக்குப் பதினெட்டுக் கிலோ காணாமல் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், வாங்கிய வயிற்றெரிச்சலோடு நின்றவர்கள்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. என் வாயில் வந்தால் எவரும் சிரிப்பார்கள், அப்படிப்பட்ட வாய். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை, அது உன் அம்மா. இறக்கிவிட்டதும் நீயும் சிரித்தாய். அதைத்தான் நான் பெரிதாகப் பிடித்துக்கொண்டேன், பிள்ளையே சிரிக்கிறான், இவளுக்கு என்ன என்று. சாப்பாட்டுக் கேரியரை மேசைமேல் வைத்துவிட்டு, மூடியைச் சரியாக மூடிவிட்டு, மழையில் நடந்து போனாய்.

அதற்குப் பிறகு நீ எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. முதலில் "பொறகு சாப்பிடுறேன்" என்றாய். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு குசினி அடுப்புப் பக்கம் போனாய். பிறகு அதுவும் இல்லை. ஒரு வருடத்தில் கழுத்தெலும்பு தெரிய மெலிந்தாய். சாதாரண தரப் பரீட்சைக்கு முந்தின மாதம் பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாய். அந்தக் கேஸ்ட்ரைட்டிஸ் கதையை அன்று டீச்சரிடம் முதன்முதலாகச் சொன்னதும் நான்தான். இதையெல்லாம்விட மோசமான ஒன்று இருக்கிறது, அது உனக்குத் தெரியாது. நீ மெலிந்ததை நான் என் கெட்டித்தனம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "ஒரே ஒரு தடவ நாலு பேரு முன்னால வெக்கப்படுத்துனேன், தன்னால சரியாயிருச்சு" என்று. கேட்டவர்களில் ஒருவர் தன் மகளுக்கு அதே வைத்தியத்தைச் செய்தார். தராசில் ஏற்றவில்லை, கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் முன்னால் அவள் இலையிலிருந்து சோற்றை வழித்து எடுத்தார். அவர் மகள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தக் கடிதம் நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நான் பரப்பிய வைத்தியம் தப்பு என்று நானே சொல்ல வேண்டாமா?

எனக்கு எப்போது உறைத்தது தெரியுமா? போன வருடம் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு. இனிப்பைத் தொடக்கூடாது என்று கட்டளை. நான் யார், ஆயிரம் பேரை அடக்கி வேலை வாங்கியவன், ஒரு இனிப்புப் பணிஸை அடக்க முடியாதா என்று நினைத்தேன். ஹட்டன் பஸ் நிலையத்தில் பேக்கரி வாசனை வந்தால் போதும், கால் தானாகத் திரும்பியது. சீனி தூவிய கிம்புலா பணிஸ் ஒன்றை வாங்கி, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, நின்ற பஸ்ஸுக்குப் பின்னால் போய் மதிலைப் பார்த்துக்கொண்டு நாலு கடியில் விழுங்கினேன். ருசிகூடத் தெரியவில்லை. அறுபத்து மூன்று வயதில், மீசையில் சீனியோடு. அடுத்த கிளினிக்கில் இரத்தம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டது. டொக்டர் திட்டவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைதான், தமிழ் பேசுகிறாள். எனக்கே என்மேல் கோபம், "எனக்கு அடக்கம் பத்தலம்மா, கேவலமா இருக்கு" என்றேன்.

"அடக்கம் மட்டும் இல்ல ஐயா" என்றாள். "சாப்பாட்டப் பாத்தாலே, வாசன வந்தாலே, மூளைல ஒரு பகுதி முழிச்சுக்கும். இனிப்பு, கொழுப்புன்னா இன்னும் வேகமா. சில பேருக்கு அது சாதாரணமா இருக்கும், சில பேருக்கு ரொம்ப வேகமா இருக்கும். அது அவங்க குணம் இல்ல." எனக்கு உடனே உன் விஞ்ஞானப் புத்தகம் நினைவுக்கு வந்தது. "பதிமூணு வயசுப் பிள்ளைங்களுக்கும் அப்படியா?" என்று கேட்டேன். "அவங்களுக்கு இன்னும் கஷ்டம். வேணும்னு சொல்ற பகுதி சின்ன வயசுலயே நல்லா வேல செய்யும். போதும்னு புடிச்சு நிறுத்துற பகுதி இருபது வயசு தாண்டித்தான் முழுசா முதிரும். நடுவுல நிக்கிற பதிமூணு வயசுப் பிள்ளையப் போயி அடக்கமில்லன்னா அது என்ன செய்யும்? நிறை கூடுனதால மூள அப்படி ஆகுதா, மூள அப்படி இருக்கிறதால நிறை கூடுதான்னு இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க." வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. "கேலி பண்ணா, வெக்கப்படுத்துனா திருந்துவாங்களா?" என்றேன். அவள் என் அட்டையில் எழுதிக்கொண்டே சொன்னாள், "வெக்கப்படுத்துனா பசி கொறையாது ஐயா. சாப்பிடுற எடம்தான் மாறும்." நான் கேட்டது என் மகனைப் பற்றி என்பது அவளுக்குத் தெரியாது. நான் எழுந்து வந்து மருந்து வாங்குகிற வரிசையில் நின்று அழுதேன். முன்னால் நின்றவர் வருத்தம் முற்றிவிட்டது போல என்று நினைத்து எனக்கு இடம் விட்டார்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நீ கேட்கலாம். இல்லைதான். ஆனாலும் சொல்வேன், வாய் சும்மா இருக்காது. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது சோற்றுக்கு முகத்தைத் திருப்பினால் நம்பு. அதன் வயிறு அதற்குத்தான் தெரியும். அழுகைக்கு மருந்தாகப் பிஸ்கட்டைக் கொடுக்காதே, தூக்கிக்கொள். நிறை கூடினாலும் குறைந்தாலும் டொக்டரோடு பேசு, பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி பேசாதே. குண்டு, ஒல்லி என்று செல்லத்துக்குக்கூட உன் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம், நான் சொன்னால் என்னை வெளியே போகச் சொல். எல்லாவற்றுக்கும் முன்னால், அதோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடு. அதற்கு முதலில் நீ உட்கார வேண்டுமே. பால் பழச் சடங்கு வேண்டாம், போட்டோக்காரர் நேரத்தை வீணாக்குவார் என்று போனில் சொன்னாய். எனக்குப் புரிந்தது. சபையில் நூறு கண் பார்க்க உன் வாயில் ஒருவர் ஊட்டுவதை உன்னால் தாங்க முடியாது. சடங்கை எடுத்துவிடலாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன், யார் என்ன சொன்னாலும் பழி என்மேல் இருக்கட்டும். ஆனால் உன்னைக் கட்டிக்கொள்கிற அந்தப் பிள்ளையோடு இருக்கப்போகிற இத்தனை வருடத்துச் சாப்பாட்டையும் எடுத்துவிட முடியுமா? இதற்கும் கொழும்பில் டொக்டர்மார் இருக்கிறார்கள், பேசிப் பேசியே சரிப்படுத்துகிறவர்கள். விசாரித்துவிட்டேன். நீ ஒரு தடவை போய்ப் பார்.

இதுவரை எழுதிவிட்டு மூன்று நாள் அப்படியே வைத்திருந்தேன். பொய்யை அப்படியே விட்டுவிட்டு உனக்கு மட்டும் உண்மை எழுதுவது என்ன நியாயம் என்று உன் அம்மா கேட்டாள். இன்று காலை அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது. என்னைப் பற்றிச் சொன்னேன். "அன்னைக்கு ஒன்கிட்ட சொன்னது பொய்ம்மா" என்று தொடங்கி, சாக்கு, கொக்கி, நான் கத்திய வார்த்தை, எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பென்றால் அதையும் என் தப்புகளோடு சேர்த்துக்கொள். அவள் அழுவாள், இல்லாவிட்டால் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். இரண்டும் செய்யவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னைக்கு அவரு சாப்பிட்டாரா மாமா?"

எனக்குத் தெரியவில்லை, மகனே. நான் சாப்பிட்டது நினைவிருக்கிறது. நீ கொண்டுவந்த ரொட்டியும் மிளகாய்க் கட்டச் சம்பலும், வயிறு நிறையச் சாப்பிட்டேன். நீ வீட்டுக்குப் போய் என்ன செய்தாய், யார் உனக்குப் போட்டுக் கொடுத்தார்கள், ஒரு வாயாவது சாப்பிட்டாயா, ஒன்றும் தெரியவில்லை. உன் அம்மாவைக் கேட்டேன். அவள் பின்னேரக் கொழுந்துக்குப் போய்விட்டாள், வந்தபோது நீ போர்த்திக்கொண்டு படுத்திருந்தாய், எழுப்பவில்லை என்றாள். பிறந்த நாளிலிருந்து உன் நிறை எந்த மாதம் எவ்வளவு என்று இன்றைக்குக் கேட்டாலும் நான் சொல்வேன். அன்று நீ சாப்பிட்டாயா என்று மட்டும் இந்தப் பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. "தெரியாதும்மா" என்றேன். "பரவால்ல மாமா, நான் அவரையே கேட்டுக்கிறேன்" என்றாள்.

கேட்பாள். உள்ளதைச் சொல்லு.

அப்பா